விசில் மாட்டாத நிழல்

பவுல்சாமிக்கு வெயிலில் இரண்டு நிழல் விழும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சாந்தோமில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் நெட்டைக் கொக்கு, ஒரு நிழல் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பி.டி. மாஸ்டராகப் போனபோது, பிரேயர் நேரத்தில் அவருக்குப் பின்னால் நிற்கப் பிள்ளைகளிடையே அடிதடியே நடந்தது. நிழல்களை அடையாளம் பிரிப்பதும் சுலபம். அவர் கழுத்தில் தொங்கும் விசில் ஒரு நிழலுக்கு மட்டும் உண்டு. மற்றது வெறும் கழுத்தோடு சற்றுத் தள்ளி நிற்கும்.

மனைவி ஆனி, பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடத்துகிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஓர் உறுத்தல். ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றியது ஒரு தலைக்கு, வைத்தது ஒரு பெயர். அப்படியென்றால் இன்னொரு நிழல்? உறுத்தல் அதோடு நின்றது, ஏனென்றால் அவளுக்கு வேறு கவலை இருந்தது. மகன் பிறந்தால் ஷெல்டன் என்று பெயர் எடுத்து வைத்திருந்தாள், பிள்ளையே பிறக்கவில்லை. அக்கா தன் பையனுக்கு அந்தப் பெயரைக் கேட்டபோது, "அது என் புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டிலிருந்து கேக் வரவில்லை.

பவுல்சாமிக்கு நாற்பது தாண்டிய பங்குனியில் நிழல்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. டியூப்லைட்டில் சாதுவாக இருக்கும். வெயிலில் கால் வைத்தால் போதும், ஒன்றின் மேல் ஒன்று பாயும். தரையில் விழுந்த அடி இவர் உடம்பில் தெரிந்தது. விரல்கள் வீங்கின, முட்டி மடங்கவில்லை, மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்து கிடந்தது. ஆனி விசில் இல்லாத நிழலைத் துடைப்பத்தால் விரட்டினாள். "சும்மா இருந்த மனுஷனைப் படுத்துறியே, சனியனே!" விரட்ட விரட்ட உடம்பு மோசமானது. கார்த்திகையில் பாதம் வீங்கி, சிறுநீர் நுரைத்தது.

அடையாறில் டாக்டர் ஷாகிரா, லூபஸ் என்றார். இந்த நோய் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்தான் என்றவர், பவுல்சாமியின் உயரத்தைப் பார்த்தார், பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதன் முடிவு வந்ததும் சொன்னார்: "ஆம்பளைங்களுக்குப் பொதுவா ஒரு எக்ஸ் குரோமோசோம், ஒரு ஒய் சார். உங்களுக்குப் பிறவியிலேயே ஒரு எக்ஸ் கூடுதல். அப்படி இருக்கிறவங்களுக்கு இந்த நோய் லேடீஸுக்கு வர்ற அளவுக்கு வரலாம். குழந்தை பிறக்காததுக்கும் அதான் காரணம்."

அடிக்கிறது யார் என்று ஆனி கேட்டாள்.

"வெளி ஆளு யாரும் இல்லம்மா. உடம்புக்குக் காவலா இருக்கிற எதிர்ப்புச் சக்தியே வீட்டு ஆளைத் திருடன்னு நெனச்சு அடிக்குது. கிட்னியைக் காப்பாத்தணும், மாத்திரையை விடக் கூடாது."

திரும்பும்போது, "எல்லாத்துக்கும் நான்தான் காரணமா, ஆனி?" என்றார் பவுல்சாமி. "மெதுவா பேசுங்க, ஆட்டோக்காரர் கேக்குறாரு" என்றாள். வீட்டு வாசலில் அவர் வெயிலில் இறங்கியபோதுதான் அவள் முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். அடித்தது விசில் மாட்டிய நிழல். மற்றது தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்திருந்தது; ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. ஐயோ, யாரைப் போய் விரட்டினோம் என்று துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

நிழலுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்க முடியாதம்மா, ஆயர் இல்லத்தில் கேள்வி கேட்பார்கள் என்று ஃபாதர் கைவிரித்தார். ஆனால் உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். கணவனை ஒரு நிமிஷம் முற்றத்து வெயிலில் நிறுத்தி, விசில் இல்லாத தலையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஷெல்டன் என்று பெயரிட்டாள். பிறகு மற்ற நிழலைப் பார்த்து, "ஏங்க, இது நம்ம புள்ள, அடிக்காதீங்க" என்றாள். ஓங்கிய கை இறங்கியது. பவுல்சாமி அழுதுவிட்டார்.

மாத்திரையும் நிற்கவில்லை, கிட்னி தப்பியது. இப்போதும் சில நாள் பெரியது சின்னதைத் தட்டிவிடும், முட்டி வலிக்கும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பி.டி. வகுப்பு வராந்தாவுக்கு மாறிவிட்டது. வெயில் தாழ்ந்த பிறகு, குடையும் கையுமாக இருவரும் ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்கப் போவார்கள். போன வாரம் மணலில் நீண்டு கிடந்த நிழல்களைப் பார்த்து மீன்காரம்மா கேட்டாள். "இன்னா டீச்சரம்மா, மூணு பேருக்கும் சங்கராவா?"

ஆனியும் குனிந்து பார்த்தாள். விசில் சின்னவன் கழுத்தில் இருந்தது.

"வேணாம்மா, சின்னவனுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. வஞ்சிரமே குடு" என்றாள்.

மீன்காரம்மா மூன்று துண்டு போட்டாள்.