ஒரே துணியில் வெட்டிய இரண்டு பொக்கற்

கோப்பாயில் ஏர்னெஸ்ட் மாஸ்ரர் தன் சேட் பொக்கற்றில் வைக்கும் எந்தப் பொருளும் பக்கத்து வளவில் இருக்கும் தம்பி அருள்நேசனின் பொக்கற்றில் போய்க் கிடக்கும். தம்பி வைப்பது இவரிடம் வரும். வெங்காய விலை ஏறினால் கதைப்பதுபோல் ஊர் இதையும் கொஞ்ச நாள் கதைத்தது, பிறகு பழகிவிட்டது.

காரணம் நத்தார்ச் சேட். அந்த வீட்டில் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு எல்லோருக்கும் ஒரே துணியில் தைப்பது வழக்கம். அண்ணன் தம்பி கதைபேச்சில்லாமல் போன பிறகும், நடுவில் பிறந்த சுகிர்தம் அதை விடவில்லை. பங்குக் கிணற்றடியில் வேலி அடைத்தபோது அண்ணன் கதியால் தடியைத் தம்பியின் வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பது தம்பியின் வழக்கு. ஒரு சாணுக்காகவா இத்தனை வருடம் என்று கேட்டால் இருவருக்குமே கோபம் வரும். ஒரு நத்தாருக்குச் சுகிர்தம் கோடு போட்ட துணியில் இரண்டு சேட் வெட்டினாள். அவசரத்தில் அண்ணனின் பொக்கற்றைத் தம்பிக்கும் தம்பியின் பொக்கற்றை அண்ணனுக்கும் வைத்துத் தைத்துவிட்டாள். பொக்கற்றின் கோடு சேட்டின் கோட்டோடு சேரவில்லை. நத்தார் நெருக்கத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அது ஒட்டுப் பொக்கற். களிசானின் பின்பொக்கற்றுக்குத் துணியைக் கீறி உள்ளே பை விட வேண்டும். ஒட்டுப் பொக்கற்றுக்கு எதையும் கீற வேண்டாம்; தனித்துண்டை மேலே வைத்து மூன்று பக்கமும் தைத்து, மேற்பக்கத்தைத் திறந்து விட்டால் சரி.

நத்தார் ஆராதனையிலேயே வினை வந்தது. ஏர்னெஸ்ட் பிரசங்க நேரத்தில் தோடம்பழ இனிப்பு சூப்புகிறவர். சேர்ச்சைக் குப்பையாக்கக் கூடாதென்று இனிப்புச் சுற்றிய தாளைப் பொக்கற்றில் வைப்பார். அன்று அந்தத் தாள் தம்பியிடம் போனது. வேதபாடம் வாசிக்க எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடியவரின் கையில் தம்பியின் பீடி வந்தது. சபை சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டது. கழற்றினால் தோற்றதாகிவிடும் என்று, அன்று முதல் இருவரும் அந்தச் சேட்டுகளையே இரவில் தோய்த்துப் பகலில் போட்டார்கள். வந்த பொருளை எடுத்துத் திரும்பப் பொக்கற்றிலேயே வைத்தால் உரியவரிடம் போய்விடும்தான். ஆனால் அது கதைத்ததற்குச் சமம் அல்லவா? ஆகவே சுகிர்தம்தான் வேலியைச் சுற்றி நடந்தாள்.

"தம்பி, அண்ணையின்ரை பேனையைத் தா."

"அவரை ஒழுங்காய் வைக்கச் சொல்லக்கா."

அருள்நேசனுக்குச் சாவகச்சேரியில் இரும்புக்கடை வேலை. அங்கே அவர் மழையில் நனைந்தால், கோப்பாயில் வெயிலில் நிற்கும் ஏர்னெஸ்ட்டின் பொக்கற் சொட்டும். அதைப் பார்த்து, மழை வரப்போகுதென்று அந்த ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் காயப்போட்ட மிளகாயை அள்ளினார்கள். பின்னேரத்தில் தம்பியின் பஸ் கைதடிப் பக்கம் நீரேரியைத் தாண்டும்போது மாஸ்ரரின் நெஞ்சில் உப்புக்காற்று மெல்ல வீசும். அந்த நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருப்பார். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. நெஞ்சு நோவு வந்தால் நாக்குக்குக் கீழே வைக்க டொக்டர் குளிசை கொடுத்து, சேட் பொக்கற்றிலேயே வைத்திருக்கச் சொன்னார். வேட்டி மடியில் வையுங்கோ என்று சுகிர்தம் கெஞ்சினாள்.

"என்ரை பொக்கற், நான் அதிலைதான் வைப்பன்," என்றார் மனிதர். விசர் வேலை! குளிசை ஒவ்வொரு காலையும் தம்பியிடம் போகும், சுகிர்தம் ஓடிப்போய் வாங்கி வருவாள். இப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் அவள் கரவெட்டிக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தாள். காலையில் கிணற்றடியில் ஏர்னெஸ்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பொக்கற்றில் கையை விட்டார், வெறுமை. அதே நேரம் சாவகச்சேரியில் அருள்நேசனின் பொக்கற் அடிக்கத் தொடங்கியது. தன் நெஞ்சு ஒரு பக்கம் அடிக்க, பொக்கற்றுக்குள் இன்னொன்று தடுக்கித் தடுக்கி அடித்தது. அவர் பயந்துபோனார். இத்தனை வருடக் கோபத்தில் ஒரு துளிகூட மிச்சமில்லாத பயம். காலையில் வந்து கிடந்த அட்டையிலிருந்து ஒரு குளிசையைப் பிய்த்து, பொக்கற்றின் அடிவரை கையை விட்டார். அங்கே அண்ணனின் விரல்கள் குளிர்ந்துபோய்க் கிடந்தன.

"அண்ணை, நாக்குக்குக் கீழை வையுங்கோ!" என்று பொக்கற்றுக்குள் குனிந்து கத்தினார். அந்தக் குரல் மாஸ்ரரின் சேட்டுக்குள்ளிருந்து கேட்டதாகப் மற்றப் பக்கத்து வளவு அருமைநாயகி இன்றும் சொல்கிறாள். ஏர்னெஸ்ட் குளிசையை வைத்தார். மூச்சு வந்த பிறகும் தம்பியின் விரல்களை விடவில்லை. அன்று மத்தியானம் வரை அருள்நேசன் ஒரு கையால்தான் ஆணி நிறுத்தார்.

திரும்பி வந்த சுகிர்தம் விஷயத்தைக் கேட்டு அழுதாள். "பிழை என்ரைதான். கோடு சேரேல்லை எண்டு அப்பவே தெரியும். பிரிச்சு மாத்தித் தைக்கிறன்," என்று நூல் பிரிக்கும் பிளேட்டோடு வந்தாள்.

"கிடக்கட்டும்," என்றார்கள் அண்ணனும் தம்பியும், வேலியின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில். கதியால் நட்ட இடத்தில்தான் நிற்கிறது. அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

போன மாரியில் ஏர்னெஸ்ட் நித்திரையிலேயே காலமானார். அந்தச் சேட்டோடுதான் அடக்கம் செய்தார்கள். பொக்கற்றைக் கழற்றவா என்று சுகிர்தம் கேட்டபோது, "விடக்கா," என்று சொல்லி அருள்நேசன் வாய்விட்டு அழுதார்.

இப்போது அவருடைய சேட்டின் கொலர் நைந்துவிட்டது. பின்னேரம் பஸ் ஏறுமுன் ஒரு தோடம்பழ இனிப்பு வாங்கிப் பொக்கற்றில் போடுகிறார். காலையில் தாள் மட்டும் இருக்கிறது. அதை எடுத்துக் குப்பைவாளியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.