சுவர்ப் பக்கம்

இப்போதெல்லாம் சாவு வீட்டில் அழ ஆள் இல்லை. படம் பிடிக்கத்தான் ஆள். தச்சுப் பட்டறையின் நடுவில் பெரியவரின் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த பலகையைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பலகை முழுக்கச் சுழி சுழியாக மரக் கண்கள்.

"நிக்கிற மரத்து மேல கோடாலியே வெச்சதில்ல மனுஷன்," என்றான் ஒருவன்.

"நீ கூடவே போய்ப் பாத்தியாக்கும்," என்று முனகினார் பெரியவர். தம்பி காட்டு மரங்களுக்கு எண் போட்டான், வெட்ட வந்தவர்களை விரட்டினான், காற்றில் விழுந்ததை மட்டும் இழைத்து விற்றான் என்று ஊரே சொல்கிறது. அவ்வளவு யோக்கியன் எவன்? ஆயுள் முழுக்க மரம் அறுத்த பெரியவருக்கு, அண்ணனாக இருந்தும், அது தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பலகையில் தம்பியின் பேரை எழுதி, காட்டின் நுழைவாசலில் மாட்டப் போகிறார்களாம். வனக்காவலர் வண்டியோடு வந்திருந்தார். பின்கதவைத் திறக்க அவர் போனதும் கூட்டமும் வேடிக்கை பார்க்கப் போனது.

பெரியவர் ஈரத் துணியால் பலகையைத் துடைத்தார். நனைந்த இடமெல்லாம் கண்கள் விழித்தன. குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். சாய்வான கோடாலி வெட்டு. விழுந்து கிடக்கும் மரத்தை ரம்பத்தால் நேராக அறுப்பார்கள். நிற்கும் மரத்தைச் சாய்க்கத்தான் இப்படி வெட்டுவது. வெட்டின் குறுக்கே நூல் போல ஒரு வரி. கூர்வாயில் ஒரு சில்லு பெயர்ந்த கோடாலி விட்ட தடம்.

தம்பியின் கோடாலி ஆணியில் தொங்கியது. விரலை ஓட்டினார். புதிதாகத் தீட்டிய வாய். ஒரு பெயர்ப்பும் இல்லை. இருந்திருந்தாலும் தீட்டியதில் போயிருக்கும்.

"யாரு தீட்டுனது இத?"

தம்பி மகள் கதவருகே நின்றாள். "அப்பாதான் பெரியப்பா. போன மாசம்."

"படுக்கையில கெடந்தவன் எதுக்குடி கோடாலி தீட்டுனான்?"

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். "எவனோ திருட்டுத்தனமா வெட்டிப் போட்ட மரம்னுதான் சொன்னாரு. பாதி இழைச்சதோட விட்டுட்டாரு. கட்டில்லேருந்து அதையே பாத்துட்டுக் கெடப்பாரு. கடைசில, சுவத்துப் பக்கம் திருப்பு, திருப்புன்னு ஒரே கத்தல். இன்னிக்கு வந்தவங்கதான் படம் எடுக்கத் திருப்பிட்டாங்க."

"செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?"

"அந்தக் காவலர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க பெரியப்பா."

வனக்காவலர் உள்ளே வந்தார். "எழுதறதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுக்கறேன் பெரியவரே. இது விழுந்த மரம்தானே?"

பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இமைகளை யாரோ சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு கீற்று வெள்ளை தெரிந்தது.

"காத்துல விழுந்ததுதான். பாத்தா தெரியல? கண்ணு எதுக்கு வெச்சிருக்கீரு?"

காவலர் தலையாட்டினார். நாலு பேர் பலகையைத் தூக்கினார்கள். தம்பி மகள் அழ ஆரம்பித்தாள்.

தம்பியை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. பெரியவர் வெளியே இறங்கி நடந்தார். யோக்கியனாம். தெருமுனை வந்தும் மனசு ஒப்பவில்லை. ஈரத் துணி கையிலேயே இருந்தது.

பின்னால் பலகையை ஏற்றிய வண்டியின் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கி, அது கடந்து போகும்வரை சுவரைப் பார்த்து நின்றார். பிறகு நடந்தார்.