குட்டி வந்த பக்கம்

படம் பார்த்துவிட்டு வந்தால், ஓட்டலில் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பீர் முஹம்மது வீட்டில் அது எழுதாத சட்டம். ஆர்டர் எடுத்தவர் நகர்ந்ததும், சின்னவளில் ஆரம்பித்து ஒவ்வொருவராக எங்கே பயந்தோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தி.நகர் கடையில் வாரம் முழுக்க திரைத்துணி விரித்துக் காட்டிப் பேசிப் பேசியே களைத்து, வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர், இந்த விளையாட்டுக்கு மட்டும் குழந்தையாகிவிடுவார். அதற்காகவே அவர் மனைவி உம்மே ஹானிக்குப் பேய்ப்படம், பூதப்படம் எல்லாம் பிடிக்கும்.

இன்றைக்குப் பார்த்தது கடலுக்குள்ளிருந்து எழுந்து வரும் ராட்சத மிருகம். ஆறு மாடி உயரம். துறைமுகத்துக் கிரேனைக் கீரைத்தண்டு மாதிரி ஒடித்துப் போட்டது. பகல் காட்சி முடிந்து வெளியே வந்தபோதும் வெயில் இறங்கவில்லை. தியேட்டரை ஒட்டிய ஓட்டலில் சமோசாவும் டீயும் சொல்லிவிட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு அந்தக் குட்டி வந்துச்சில்ல, அங்கதான்" என்றாள் ஆயத். எட்டு வயது. சொல்லும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டாள். "அத்தா சட்டையப் புடிச்சிக்கிட்டேன்."

எந்தக் குட்டி, என்று உம்மே ஹானி நினைத்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஆதில் எழுந்தே நின்றுவிட்டான். "பெருசு அந்தாண்ட நின்னு கத்திக்கினு கீது. எல்லாரும் அதையே பாத்துக்கினு கீறோம். இந்தாண்ட செவுத்துல குட்டி ஊர்ந்து வருது பாரு! ஒரு நிமிசமாவது இருக்கும். சத்தமே இல்ல. செம பயம்மா."

கீது, கீறோம் என்று அவன் பேசினால் வழக்கமாக அவள் விடமாட்டாள். இன்று அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் கை நீட்டிக் காட்டியது இடது பக்கம். பெரியதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், திரையின் வலது ஓரத்தில். பக்கத்தில் எதுவும் ஊரவில்லை. திடீரென்று தியேட்டரே அலறியது. ஏன் அலறுகிறார்கள் என்று புரியாமல், அந்த அலறலுக்குப் பயந்துதான் அவள் கத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு?" என்றான் ஆதில்.

"எனக்கும் அந்தக் குட்டிதான்."

"பொய்!" என்றாள் ஆயத். "எல்லாரும் கத்துனாங்க, அம்மா சும்மா உக்காந்திருந்தாங்க. லேட்டாத்தான் கத்துனாங்க. நான் பாத்தேன்."

பீர் முஹம்மது விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கம்மாவுக்கு நெஞ்சழுத்தம்டா. சிங்கம் வந்தாலும் இன்னா வேணும்னு கேப்பா. இந்தா ஹானி, கடைசி சமோசா உனக்குத்தான்."

அவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். நேர் எதிரே ஆயத்தின் முகம் தெளிவாகத் தெரிந்தது. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வெங்காயம்கூடத் தெரிந்தது. ஆனால் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த கணவன் இல்லை. இருட்டாக இல்லை, மங்கலாகவும் இல்லை. அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதே இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. தலையைத் திருப்பினாள். வந்தார். மறுபடி ஆயத்தைப் பார்த்தாள். போனார். முக்காட்டைச் சரிசெய்வதுபோல் ஒரு கண்ணை மறைத்துப் பார்த்தாள், பிறகு மற்றதை. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் ஆள் இல்லை. யா அல்லாஹ், என்னுடைய பாதி உலகத்தை யார் எடுத்துக்கொண்டு போனது?

இடது தோளில் ஒரு மாதமாக அடிக்கடி கன்றிப்போகிறது. கதவு இடித்தது, பீரோ இடித்தது, நமக்குத்தான் நிதானம் இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போன செவ்வாய்க்கிழமை லஸ் பக்கம் அவள் ஸ்கூட்டரை இடது பக்கம் ஒடித்ததில் ஒரு சைக்கிள்காரர் கீழே விழப் பார்த்தார். "கண்ணு தெரியலையாம்மா?" என்று கத்தினார். அவள் பதிலுக்குக் கத்தினாள். ஆயத் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஸ்கூட்டரை வாங்க இரண்டு வருடம் வீட்டில் போராடியிருக்கிறாள். தேனாம்பேட்டையிலிருந்து மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மகளை விடுவது, கூட்டி வருவது, மார்க்கெட், அக்கா வீடு என்று யாரையும் கெஞ்சாமல் போய்வருகிறாள். சொன்னால் சாவி போய்விடும். சாவி போவது ஒன்று; இன்னொன்று, ஸ்கேன் எடு என்பார்கள், தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். சொல்லவேண்டாம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று மேஜையிலிருந்து எழும்போது தீர்மானம் செய்துகொண்டாள்.

பைக்கில் ஆதிலும் அத்தாவும் ஏறினார்கள். ஸ்கூட்டரில் ஆயத் பின்னால் ஏறி, இரண்டு கையாலும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உம்மே ஹானி வண்டியை ஓட்டலின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினாள். வலது பக்கம் பார்த்தாள், ரோடு காலி. இடது பக்கமும் காலி. ஒரு சந்தேகத்துக்காகக் கழுத்தை நன்றாகத் திருப்பினாள். கைக்கெட்டும் தூரத்தில் பஸ் ஸ்டாப். டியூஷன் பையோடு இரண்டு பிள்ளைகள், அவர்களைப் பிடித்தபடி ஒரு பெண், ஒரு தள்ளுவண்டி, ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் அங்கேயேதான் நின்றிருக்கிறார்கள்.

வண்டியை அணைத்தாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எறங்கு ஆயத்து."

"ஏம்மா?"

"எறங்குடி."

பின்னால் ஹாரன் அடித்தது. பிறகு பைக் அணைந்தது. ஸ்டாண்ட் போடும் சத்தம், செருப்புச் சத்தம். "இன்னாச்சு ஹானி? பெட்ரோல் இல்லையா?" என்று பீர் முஹம்மதுவின் குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது.

அவள் ரோட்டையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தக் குட்டிய நான் பாக்கவே இல்லங்க."

"அட, இதுக்கா? இன்னொரு தபா பாத்துட்டாப் போச்சு."

"உங்களையும் பாக்கல."

அவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தினார். "இங்கதானே நிக்கிறேன். கிட்டத்துல."

"தெரியும். குரல் கேக்குது" என்றாள். பார்வையைத் திருப்பாமல் இடது கையை மட்டும் மெதுவாக நீட்டினாள். முழங்கைக்கு அப்பால் கை காணாமல் போயிற்று. அது எதைத் தொடப்போகிறது என்று தெரியாமல், விரல்களை விரித்தபடி வைத்துக்கொண்டிருந்தாள்.