எர்த் குழி

பச்சை எரிய வேண்டிய சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், கொஞ்சம் பொறுத்து மறுபடி செருகினேன். காருக்குள் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு பழையபடி சிவப்பு. வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் நிரப்பியதில் காரில் மிச்சமிருந்த சார்ஜுக்கு முதல் ஏற்றத்தின் பாதி வரைக்கும் போனாலே பெரிய விஷயம். பொழுது விடிந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சை. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் மூன்று பேரை அந்தக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பரீட்சை எழுதும் பள்ளிக்கூடம் மலைக்கு மேலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. எங்கள் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு ஏற்றம் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பஸ்ஸை நம்பினால் கேள்வித்தாள் கொடுத்து முடித்த பிறகுதான் போய் இறங்கலாம். ரமேஷின் ஷேர் ஜீப்பை ஒடுகத்தூர்க் கல்யாணத்துக்குப் பிடித்துவிட்டார்கள். அதனால்தான் மூன்று வீட்டிலும் என்னிடம் வந்து நின்றார்கள். மூன்று பேரில் ஒருத்தி அபிநயா, என் ஓரகத்தி பாஞ்சாலையின் மகள்.

பயந்தேனா என்றால் இல்லை. எரிச்சல்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். நின்றுபோன மிஷின் ஏன் நின்றோம் என்று சொல்லாமல் நிற்காது, நமக்குத்தான் கேட்கிற பொறுமை வேண்டும். அந்தச் சார்ஜரும் நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. காரோடு சேர்த்துச் சுவரில் மாட்டுகிற பெரிய பெட்டியை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் தலைகீழாக நின்றார். இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரப்பிவிடுமாம். எங்கள் ஊரில் சாயங்காலம் கொல்லையில் இரண்டு மோட்டார் ஓடினால் வீட்டுக்குள் பல்பு அகல் விளக்காகிவிடும். அந்த லைனில் பெரிய பெட்டியை மாட்டினால் நான் கார் ஓட்டுவேன், ஊர் இருட்டில் உட்கார்ந்திருக்கும். ராத்திரி பூராவும் கார் சும்மாதானே நிற்கிறது, அதற்கு என்ன அவசரம்? சின்னது போதும் என்று வாங்கிவந்து, மீட்டரிலிருந்து தனியாகத் தடிமனான ஒயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, பின்பக்கச் சுவரில் மாட்டவைத்தேன். மலையில் பேட்டரி கார் ஏறுமா என்று கேட்டவர்கள் எல்லோரும் இப்போது அதில்தான் ஆலங்காயத்துக்குப் போய் வருகிறார்கள்.

பாஞ்சாலை அக்கா மட்டும் போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஏறுவதில்லை. சந்தைக்குக் கூப்பிட்டேன், "நீ போ, நான் நடந்து வர்றேன்" என்றாள். மலையிறங்கி ஆலங்காயத்துக்கு நடந்து வருகிறாளாம்! அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பையனுக்கு இரண்டு வயசு ஆகவில்லை, பெரியம்மா என்றால் உயிர். அவன் ஓடினால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிப்போனாள். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. காரைப் பார்த்து வயிற்றெரிச்சல், பெரிய மருமகளுக்கு இல்லாதது சின்ன மருமகளுக்கு வந்துவிட்டது என்று பொறாமை, வேறென்ன என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். ஆனால் மகளை அனுப்பச் சம்மதித்தாள். "அபி வரட்டும். நான் வரல" என்றாள். அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரர் கோகுல்ராஜ் போனும் கையுமாக வந்தார். அவருக்குப் பல்வலிக்குக்கூட வீடியோதான் வைத்தியம்.

"நதியா, இதுல ஒருத்தன் சொல்றான் பாரு. நியூட்ரலயும் எர்த்தயும் ஒரு துண்டுக் கம்பியால சேத்துட்டா பச்ச லைட்டு வந்துருமாம். ரெண்டு நிமிஷம் வேல."

"வந்துரும். அப்பறம் நியூட்ரல் புடுங்கிக்கிச்சுன்னா காரு பாடி பூரா கரண்டு வரும். நாளைக்கு அபி கதவுல கை வெப்பா. வெக்கட்டுமா?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷன், சொன்னால் கேட்பார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல்பு நன்றாகத்தான் எரிந்தது, அதனால் வோல்டேஜ் இல்லை. பிளக்கைத் தொட்டால் சூடு இல்லை, கருகல் வாசனை இல்லை. பிரேக்கர் விழவில்லை. சார்ஜருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற படத்தில் எந்த மாதிரி மினுக்கினால் என்ன கோளாறு என்று போட்டிருக்கிறது. இந்த மினுக்கலுக்கு எதிரே எர்த் குறி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா! மாசி மாதமே ஒரு தடவை இப்படி மக்கர் பண்ணி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் சரியானதுதான்.

எங்கள் வீடு பாறைமேல் இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து வயரிங் வேலைக்கு வந்த அருள் அண்ணன் எர்த்துக்குக் குழி தோண்டியபோது முழங்கால் ஆழத்திலேயே கடப்பாறை 'ணங்' என்றது. "இதுக்குக் கீழ போவணும்னா வெடிதாம்மா வெக்கணும்" என்றார். ஆழத்தில் கிடைக்காததை அகலத்தில் எடுப்போம் என்று குழியை அகலமாக்கி, செம்புத் தகட்டைப் படுக்கப் போட்டு, அதன்மேல் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். மண்ணின் ஈரம் காயக் கூடாது, காய்ந்தால் எர்த் பிடிக்காது. "வெயில் காலத்துல அப்பப்ப தண்ணி ஊத்துங்க, செடிக்கு ஊத்தற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன், இந்த ஒரு வாரம்தான் மறந்துபோயிருந்தேன்.

குடத்தோடு பின்பக்கம் போனேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மூலை அது. அவசரத்தில் கீழே பார்க்காமல் ஊற்றிவிட்டு வந்து பார்த்தேன், சிவப்பு. இன்னொரு குடம் ஊற்றினேன், அதற்கும் சிவப்புதான். பிறகுதான் பச்சை ஒயரைச் சுவரிலிருந்து கீழே கண்ணாலேயே தொடர்ந்துகொண்டு வந்தேன். தரைக்கு ஒரு சாண் மேலே அது முடிந்துவிட்டது. எலி கடித்தது போல இல்லை. கொடுவாளால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தது. குழி இருந்த இடத்தில் சாணி மெழுகியிருந்தது, மேலே காய்ந்த வேப்பிலையும் அறுத்த எலுமிச்சம்பழமும் கிடந்தன. அதன்மேல்தான் நான் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"அங்க நிக்காத. தள்ளி வா!"

வேலிக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலை அக்கா நின்றிருந்தாள்.

"அக்கா, இந்தக் கம்பிய யாரு வெட்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "செய்வினைத் தகடு வெச்சிருந்தானுங்க நதியா. வெள்ளிக்கெழம ஆட்டுக்கு மொள அடிக்கலாம்னு கடப்பாறைய போட்டேன். பொதபொதன்னு உள்ள போச்சு. தோண்டிப் பாத்தா உப்பு, கரி, அடியில செம்புத் தகடு. அதுல கம்பிய கட்டி உன் வூட்டுச் செவுத்துல ஏத்தி வுட்டிருக்கானுங்க. வண்டி வாங்கனதுலேர்ந்து ஊரு கண்ணு பூரா உங்க மேலதான். சொன்னா நீ பயந்துக்குவ. அதான் எல்லாத்தயும் நானே எடுத்துக்குனு போய் ஓடைல போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அருள் அண்ணன் குழி தோண்டிய நாளில் இவள் அம்மா வீட்டுக்குப் புளி உலுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் காரைக் காட்டினோம், சார்ஜரைக் காட்டினோம். மண்ணுக்குள் இருப்பதை யாராவது கூப்பிட்டுக் காட்டுவார்களா? உப்பு, கரி, தகடு. அவள் இடத்தில் என் அம்மா இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பாள்.

சிரிப்பு வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நானும் இந்த மலையில் பிறந்தவள்தானே. தகடு எடுப்பது பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். எடுத்த கைமேல்தான் அது ஏறும். அமாவாசை தாண்டும் வரைக்கும் அந்தக் கை தொட்டதிலெல்லாம் ஏறும். அதனால்தான் மந்திரவாதியைக் கூப்பிடாமல் யாரும் தொட மாட்டார்கள். இவள் யாரையும் கூப்பிடவில்லை. தன் கையாலேயே எடுத்துக்கொண்டு ஓடை வரைக்கும் தனியாக நடந்திருக்கிறாள். கார்மேல் பட்டுவிடக் கூடாது என்றுதான் ஏறவில்லை. என் பையன்மேல் பட்டுவிடக் கூடாது என்றுதான் கையைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறாமை என்று நினைத்த மனதைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

"அக்கா, அது யாரும் வெச்சது இல்ல. நாங்க வெச்சது."

"நீங்களா? உங்க வூட்டுக்கு நீங்களே தகடு வெச்சிக்கினீங்களா?"

"கரண்டு சமயத்துல தப்பி காரு மேல வந்துரும்க்கா. அப்ப அபி கதவுல கை வெச்சான்னா அவ மேல பாயும். அவ மேல பாயாம மண்ணுக்குள்ள போய்டறதுக்கு வெச்ச வழி அது. அந்த வழி இல்லன்னு தெரிஞ்சதும் சார்ஜரு மாட்டேன்னு சொல்லிடுச்சு. அது மாட்டேன்னு சொன்னது நல்லதுக்குதான்."

பாஞ்சாலை அக்கா வெட்டிய ஒயரையும் சார்ஜரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில், "அப்ப அபி பரீட்ச?" என்றாள்.

"தகடு வேணும்க்கா. எங்க போட்டேன்னு காட்டு."

ஓடை பங்குனியில் வற்றி, பாறைக்கு நடுவே ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கப் போனேன். அவள் என் தோளைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாத. எடுத்தவ நான், நானே எடுத்தாறேன்."

"ஒண்ணும் ஆவாதுக்கா."

"ஆவாதுன்னு நீ சொல்ற. சரி. இருந்தாலும் நீ புள்ள வெச்சிருக்கறவ."

அவளும் பிள்ளை வைத்திருக்கிறவள்தான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, மேலே வைத்திருந்த கல்லைப் புரட்டி, தகட்டை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வழியில் யாரோ எதிரே வந்தபோது அதை வயிற்றோடு அணைத்து மறைத்தாள். வீடு வரும் வரைக்கும் எனக்கு முன்னால்தான் நடந்தாள்.

கோகுல்ராஜ் குழியை மறுபடி தோண்டி வைத்திருந்தார். நான் பிரேக்கரைக் கீழே இறக்கிவிட்டு, பச்சை ஒயரோடு புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்து, முனையைச் சீவித் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். அடுப்பில் அணைத்து வைத்த கரி இருந்தது. உப்புதான் பற்றவில்லை. என் டப்பாவில் இருந்தது குழம்புக்குத்தான் காணும், கடை மூடியாகிவிட்டது. இந்தப் பக்கம் விளக்கு வைத்த பிறகு ஒரு வீட்டு உப்பு இன்னொரு வீட்டுக்குப் போகாது. கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பாஞ்சாலை அக்கா வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த கல்லுப்பு மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பிரித்து, மொத்தத்தையும் குழியில் கொட்டினாள்.

"போதுமா?"

"போதும்க்கா."

மண்ணை மூடித் தண்ணீர் ஊற்றினோம். பிரேக்கரைத் தூக்கிவிட்டுப் பிளக்கைச் செருகினேன். 'டக்' என்றது. சிவப்பு ஒரு தடவை மினுக்கியது, நான் அதை முறைத்தேன். பச்சை வந்தது. கோகுல்ராஜ் கை தட்டினார். பாஞ்சாலை அக்கா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் கார் வயிறு நிரம்பி நின்றது. மூன்று பெண்களும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பேனாவையும் அட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள். அபிநயா உதடு அசைய ஏதோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து சார்ஜர் பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டப் பின்பக்கம் போனேன். எனக்கு முன்பே பாஞ்சாலை அக்கா அங்கே குடத்தோடு நின்று குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மண்மேல் ஒரு சிட்டிகை மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

"மஞ்ச வெச்சா லைட்டு எரியாம போய்டுமா?" என்றாள்.

"அதெல்லாம் போவாதுக்கா. முன்னாடி சீட்டு காலிதான், வா. புள்ளய பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு வரலாம்."

"அமாவாசை வரட்டும்."

ஒயரைச் சுற்றி மாட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். முன்பக்கக் கதவை மட்டும் சாத்தாமல் விட்டேன். அந்த நேரம் பார்த்து என் பையன் கோகுல்ராஜின் பிடியிலிருந்து வழுக்கி இறங்கி, டவுசர் இல்லாமல், கத்திக்கொண்டே பெரியம்மாவிடம் ஓடினான். பாஞ்சாலை அக்கா ஒரு அடி பின்னால் வைத்தாள். சுவரிலிருந்த பச்சை விளக்கைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எர்த் குழியின் ஈரத்திலேயே மண்டியிட்டு, தண்ணீர் சொட்டுகிற கைகள் இரண்டையும் அவனுக்கு நேராக நீட்டினாள்.