பாப்பாவுக்குங்க

தேவானந்தத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் இருபத்தாறு வயதில் ஒரு மகள் இருந்தாள். இதில் ஒழுக்கக்கேடு எதுவும் கிடையாது. வாய் தவறிப் பிறந்த பிள்ளை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு மோட்டாருக்கு ஃபுட்வால்வு தேடி, உக்கடத்தில் தல்ஹாவின் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தார். துருப்பிடித்த பம்புகளுக்கும் மூடி தொலைந்த மிக்ஸி ஜார்களுக்கும் நடுவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றேகால் சாண் உயரம். தோளில்லாத நீல சாட்டின் கவுன், பாதம் வரைக்கும். கழுத்தில் கடுகளவு முத்து. காரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி, கடையைச் சட்டை செய்யாமல், ஓரக்கண்ணால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதுகளில் ஏதோ ஒரு சீமையில் செய்த பொம்மை. வால்பாறையில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கட்டில், பீரோவோடு லாரியேறி மலையிறங்கி வந்தவள்.

தேவானந்தம் ஃபுட்வால்வை மறந்தார்.

"யாருக்குங்க சார்?" என்றார் தல்ஹா.

கேட்டதில் குற்றமில்லை. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பம்புசெட் கம்பெனி ஸ்டோர் கீப்பர், சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் கவுன் போட்ட பொம்மை. யாராக இருந்தாலும் கேட்பார்கள். 'எனக்குத்தான்' என்ற சொல் தேவானந்தத்தின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"பாப்பாவுக்குங்க."

"எத்தன வயசுங்க?"

"ஏழுங்க."

அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். தல்ஹாவுக்குச் சாமானில் மறதி உண்டு, மனிதர்களில் கிடையாது. அடுத்த பொம்மை வாங்கப் போனபோது பாப்பாவின் பேரைக் கேட்டார். சர்ச் ஆராதனையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்கும் ஒரு அம்மாவின் பேர்தான் அந்த அவசரத்துக்குக் கிடைத்தது. கிளாடிஸ் என்றார். அதற்கடுத்த பொம்மைக்கு எந்த ஸ்கூல் என்றார் தல்ஹா.

இல்லாத பிள்ளையை வளர்ப்பது, இருக்கிற பிள்ளையை வளர்ப்பதைவிடச் சிரமம். இருக்கிற பிள்ளை தானாக வளர்ந்துவிடும். இதற்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் யோசிக்க வேண்டியிருந்தது. ப்ளஸ் டூவில் மார்க் கேட்டபோது ஆயிரத்து நாற்பத்திரண்டு என்றார். ஆயிரத்து நூறு என்றே சொல்லியிருக்கலாம், யாரும் மார்க் ஷீட் கேட்கப் போவதில்லை. ஆனால் கிளாடிஸ் கணக்கில் கொஞ்சம் வீக் என்று அவருக்கே தோன்றியிருந்தது. பிறகு இன்ஜினியரிங். கோயமுத்தூரில் பிறக்கவே பிறக்காத பிள்ளைக்கும் இன்ஜினியரிங் சீட் உண்டு என்பதால் அதில் கஷ்டமில்லை. படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலை. பெற்ற பிள்ளையைக் கண்ணால் காண முடியவில்லை என்றால், சந்தேகப்படாமல் நம்புவதற்குப் பெங்களூரைவிட்டால் ஊரேது.

இதற்கிடையில் புலியகுளத்தில் அவருடைய ஒற்றை அறை வீட்டின் பீரோவுக்குள் இருபத்திரண்டு சீமாட்டிகள் சேர்ந்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, சட்டையை பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டுதான் பீரோவைத் திறப்பார். குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொருத்திக்கும் தலை வாருவார். கவுன் ஓரங்களைப் பார்ப்பார். அவர்களிடம் எதுவும் பேசியதில்லை. பேச அவசியமும் ஏற்படவில்லை. இருபத்திரண்டு பேரில் ஒருத்திகூட, "ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலை?" என்று கேட்டவளல்ல.

இருபத்துமூன்றாவது ஆளுக்கு இடம் காலியாக இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே பங்களாவிலிருந்து வந்த இன்னொரு மூட்டையில் ஒரு அட்டைப்பெட்டி மூடியும் ஒற்றைக் கையுறையும் கிடைத்தன. வெள்ளைக் கையுறை, முழங்கை வரைக்குமானது, அவர் சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். மூடியில் அதற்குரியவளின் படம்: கறுப்பு வெல்வெட் கவுன், சிவப்பு மேலாடை, உலகத்தின் மேல் லேசான சலிப்பு. "இவ வந்தா சொல்லுங்க பாய், பாப்பா தேடிட்டே இருக்கறா" என்று தல்ஹாவிடம் சொல்லிவைத்தார். கையுறையை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தார்.

ஆனால் பாப்பாவுக்கு வயதாகிக்கொண்டே போனது. "இன்னுமா பொம்மைங்க?" என்று தல்ஹா சிரித்ததிலிருந்து அவருக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்று வருஷமாகப் பொம்மையென்று வாய் திறக்கவில்லை. சும்மா போவார், ஒரு டீ குடிப்பார், மூட்டைகளை ஓரக்கண்ணால் பார்ப்பார், வருவார்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை தல்ஹாவே போன் செய்தார். "வாங்க சார். ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன்."

தேவானந்தம் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். தல்ஹா போனை நீட்டினார். அதில் ஒரு பையன் கறுப்புக் கண்ணாடியோடு பைக்கில் சாய்ந்துகொண்டிருந்தான். அது யாருடைய பைக்கோ.

"உங்க சர்ச்சு ஆளுகதானுங்க. கிறிஸ்டோன்னு பேரு. அப்பா நம்ம கஸ்டமர். பையனும் பெங்களூர்லதான் இருக்கறான். ரெண்டு பேரும் ஒரே ஊரு, தனியா வேற ஊடு பாக்க வேண்டாமுங்க."

தேவானந்தம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கிளாடிஸுக்கு இவன் போதாது என்றுதான் முதலில் தோன்றியது. கிளாடிஸ் இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"பாப்பாவக் கேட்டுச் சொல்றேனுங்க."

"கேளுங்க. பொறுமையா கேளுங்க. ஆங், ஒண்ணு சொல்ல மறந்துபோட்டேன். அந்த வால்பாறை பங்களாவ இடிச்சாச்சுங்க. மிச்ச சாமானெல்லாம் சித்திரையில வந்துச்சு. உங்க பாப்பா ஒரு காலத்துல ஒத்தக் கையுறைய வெச்சுட்டுத் தேடிட்டு இருந்தாளே, அந்தக் கறுப்பு கவுன்காரி, அவளும் வந்தா."

தேவானந்தம் மூட்டைகள் பக்கம் திரும்பினார். "எங்கீங்க?"

"குடுத்துட்டனே."

"யாருக்குங்க?"

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வி அந்தக் கடையில் திசை மாறி வந்தது அன்றைக்குத்தான்.

"பாப்பாவுக்குங்க," என்றார் தல்ஹா. "கருமத்தம்பட்டியில அங்கப்பன்னு தறிக்காரரு. தறி சாமானுக்கு வருவாரு. கூட அவரு பாப்பா வந்துச்சு, அஞ்சு வயசு. பாத்ததும் கட்டிப் புடிச்சிருச்சு. சரி, கிளாடிஸுப் பாப்பாவுக்கு இருபத்தாறாச்சு, இப்பப் போயி பொம்மைய நீட்டுனா மாப்பிள ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்கன்னு குடுத்துட்டேன். தப்புங்களா?"

தப்பில்லை. தல்ஹா போட்ட கூட்டல் சரியாகவே இருந்தது.

"ஒரு தடவ பாத்துட்டு வந்தர்றேன் பாய். போட்டோ எடுத்து அனுப்புனா பாப்பா சந்தோசப்படுவா."

அவினாசி ரோட்டில் பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் தேவானந்தம் பேரம் ஒத்திகை பார்த்தார். ஐந்து வயதுக் குழந்தைக்குப் புதிதாக ஒரு பெரிய பொம்மை வாங்கிக் கொடுத்தால் பழையதைக் கொடுத்துவிடும். ரிமோட் வைத்த கார்கூட வாங்கலாம். குழந்தைகளைப் பற்றி அவருக்கு அனுபவம் இருந்தது, ஒன்றை இன்ஜினியர் ஆக்கியிருக்கிறார்.

அங்கப்பன் வீட்டுக்கு ஒட்டியே தறிக்கொட்டகை. எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் அவர் மனைவி எழில் சாதாரணமாகப் பேசுவதே சண்டை மாதிரி இருந்தது.

"உக்கடத்து பாய் போன் பண்ணுனாருங்க. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களா? அம்மணி, பொம்மைய எடுத்துட்டு வா, சார் பாக்கோணுமாம்."

குழந்தை இளவேனில் வந்தாள். அவள் தலையில் அரை விரற்கடைக்கு முடி முளைத்து நின்றது. பொம்மையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

பொம்மை மொட்டையாக இருந்தது.

"காது குத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனமுங்க," என்று எழில் சத்தமாக விளக்கினாள். "உடுமலைப்பேட்ட தாண்டி, அமராவதி ஆத்தோரம். இவ மொட்டைக்கு உக்கார மாட்டேன்னு ஒரே அழுவாச்சி. முடி எறக்கறவரு நல்ல மனுசன். மொதல்ல உன்ற பொம்மைக்குப் போடறேன், வலிக்குதான்னு அவளயே கேளுன்னு வழிச்சு உட்டாருங்க. அதுக்கப்பறந்தான் உக்காந்தா. காதும் அப்படித்தான், மொதல்ல அதுக்கு."

தேவானந்தம் பார்த்தார். அந்த வகைப் பொம்மைகளுக்கு முடியை ஒட்டியிருக்க மாட்டார்கள், தலையில் தைத்திருப்பார்கள். இப்போது தலை முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள், நாற்று பிடுங்கிய வயல் மாதிரி. துளைகளுக்குள் சந்தனம் காய்ந்திருந்தது. காதில் இரண்டு செப்புக் கம்பி. ஆறு மாதத்தில் அந்தக் காதுகள் பச்சை பூத்துவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இடுப்பில் துண்டுத்துணியில் தைத்த பாவாடை. முகத்தில் மட்டும் அந்தச் சலிப்பு அப்படியே இருந்தது.

"கவுன் போட்டிருந்திருக்குமேங்க. கறுப்புல."

"ஆமாங்க, வெல்வெட்டு. ஒரு கையில உறை வேற. முடி எறக்கிக் குளிச்சதும் கட்டியிருந்த துணிய ஆத்துல உட்டரோணும்னு ஜோசியர் சொல்லியிருந்தாரு. இவளுத உட்டோம். பொம்மையோடதையும் உட்டாத்தான் ஆச்சுன்னு புடிச்ச புடி உடல. ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சுங்க."

ஆக அந்த உடுப்பில் இந்தப் பூமியில் மிச்சமிருந்தது, தேவானந்தத்தின் சட்டைப் பைக்குள் தீப்பெட்டியில் இருந்த ஒற்றைக் கையுறை மட்டும்.

இளவேனில் அவர் முழங்காலைத் தட்டினாள். "ஏனுங்க, எனக்கு மொளச்சிருச்சு. இவளுக்கு மட்டும் ஏன் இன்னும் மொளைக்கல?"

இந்த விஷயத்தில் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அவரைவிட விவரம் தெரிந்த ஆள் கிடையாது.

"மொளைக்கும் கண்ணு," என்றார்.

"எப்பங்க?"

"ஜூன்ல."

கார் வாங்கித் தருகிற பேச்சை எடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போவதற்கு, மூடிப் படத்தில் இருந்தவள் அங்கே இல்லை. பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, பஸ் ஏறினார். எதற்காக நேராக வீட்டுக்குப் போகாமல் உக்கடத்தில் இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

நடந்ததைக் கேட்டதும் தல்ஹா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மொட்டையா? அடக் கொடுமையே. பாப்பா மனசு ஒடிஞ்சு போவாளேங்க. போன் போடுங்க, நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வேண்டாங்க பாய்."

"இல்ல, தப்பு என்மேல. நம்பரச் சொல்லுங்க."

தேவானந்தத்துக்கு அலுத்துப்போய்விட்டது. பத்தொன்பது வருஷமாகச் சுமந்ததை அந்த மிக்ஸி ஜார்களுக்கு நடுவே இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"கிளாடிஸ் இல்லீங்க பாய்."

அந்தக் கடையில் அவர் சொன்ன முதல் உண்மை. ஆனால் தமிழில் என்றைக்குமே இல்லாதவளுக்கும் நேற்று வரைக்கும் இருந்தவளுக்கும் அதே ஒரு 'இல்லை'தான்.

தல்ஹாவின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. "எப்பங்க?"

"எப்பவுமே இல்லீங்க," என்றார் தேவானந்தம். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. வழித்த தலை ஞாபகத்துக்கு வந்ததால் வந்த கண்ணீர். அது தல்ஹாவுக்குத் தெரிய நியாயமில்லை.

தல்ஹா எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனசுக்குள் எதையோ கணக்குக் கூட்டினார். "அதான் மூணு வருசமா பொம்மையே கேக்கல," என்றார் கடைசியில். "கொரோனாவுலீங்களா?"

தேவானந்தம் சட்டைப் பைக்கு மேலாகத் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில மாப்பிள போட்டோவக் காட்டுனேனே சார். கேட்டுச் சொல்றேன்னீங்களே. எப்படீங்க தாங்குனீங்க?" என்று தல்ஹா அழுதார். ஆளுக்கொரு காரணத்துக்காக இருவரும் அரை மணி நேரம் அழுதார்கள்.

செய்தி பழைய சாமான் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போனது. உக்கடம் முதல் உடுமலைப்பேட்டை வரைக்கும் மூட்டை பிரிக்கிற அத்தனை பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அந்த மனுஷன் கண்ணில் பொம்மை எதுவும் பட்டுவிடக் கூடாது. நல்லவர்கள் ஒன்று சேர்ந்தால் மீள முடியாது. கிறிஸ்டோ வீட்டார் கிளாடிஸுக்காக ஜெபித்ததாகவும் தகவல் வந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை தேவானந்தம் மறுபடி தல்ஹா கடைக்குப் போனார். பெஞ்சுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதன் வாயிலிருந்து பச்சை சாட்டின் ஓரம் ஒன்று, கால் விரற்கடை, வெளியே தெரிந்தது. ஓரத்தில் வெள்ளி ஜரிகை. அப்படி ஒருத்தி அவரிடம் இல்லை.

தொண்டை வரைக்கும் வந்த சொல் இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

"பாய், அது எனக்கு வேணும். எனக்குத்தான்."

தல்ஹா அவர் தோளில் கை வைத்தார். "தெரியுமுங்க சார். உங்களுக்குத்தான் வேணும். நீங்க வேற யாருக்கு வாங்கப் போறீங்க? ஆனா பாக்கப் பாக்கத் தாங்காதுங்க. நானும் ரெண்டு புள்ளைகளப் பெத்தவன்."

சொல்லிக்கொண்டே காலால் பெட்டியை பெஞ்சின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். அதன் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். பிறகு தெருவைப் பார்த்து இரண்டு டீ சொன்னார், ஒன்றில் சர்க்கரை கம்மி.

டீ வந்தது. தேவானந்தம் குடித்தார்.