மணல் மூட்டையும் நாலு கயாக்கும்

மட்டாஞ்சேரி வியாபாரிகள் சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு படகுக் குழு ஆரம்பித்தபோது கமிட்டியில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொருவரும் ஆண்கள். குழுவிலிருந்த பெண்கள் நாலே பேர். அவர்களையும் கமிட்டியில் போட்டுவிட்டால் படகில் யார் உட்காருவது என்று தலைவர் வெங்கிடேஸ்வரன் கேட்டார். நியாயந்தானே என்று கமிட்டியும் தலையாட்டியது. இது எண்பத்துநாலாம் வருஷத்து விஷயம்.

நாலு பேரில் ஒருத்தி சகீலா. வெங்கிடேஸ்வரனின் மிளகுக் கிடங்கில் டைப்பிஸ்ட். கமிட்டித் தீர்மானங்களையும் அவள்தான் டைப் அடிப்பாள். பெண்கள் என்ன உடுத்துவது என்று பேச மூன்று கூட்டம் ஆனதும், நீந்தத் தெரிய வேண்டுமா என்ற பேச்சு சாயா டம்ளர் வந்தவுடன் முடிந்துபோனதும் அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

கயாக் என்பது ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆற்றில் அதைச் செலுத்த வேண்டும். கற்றுக்கொடுக்க வந்த அப்பு, வடக்கே மலையாறுகளில் பழகிய ஆலுவாக்காரன். கும்பளங்கிக் காயலில் முதல் நாளே நாலு பேரையும் கவிழ்த்துவிட்டான். தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கி, இடுப்பைச் சுற்றிப் படகோடு மாட்டிய உறையை உருவிக்கொண்டு வெளியே வருவதுதான் முதல் பாடம். சேதி கேட்ட வெங்கிடேஸ்வரனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“கவிழறதுக்கா டிரெயினிங்? மூணு தலைமுறையா வள்ளத்துல சரக்கு அனுப்பறோம். அந்த வார்த்தைய வாயால சொல்ல மாட்டோமாக்கும்” என்றார்.

சகீலாவுக்கோ அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளுருத்தி வீட்டில் உம்மாவும் மூன்று அண்ணன்மாரும், கிடங்கில் முதலாளியும், பஸ்ஸில் ஊரில் உள்ளவர்களும் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீருக்கடியில் ஒருவர் குரலும் கேட்கவில்லை. இதை விட்டுவிட்டு இனி இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

நாலு மாதம் கழித்து அரங்கேற்றம் வந்தது. ஆலுவாவுக்கு மேலே, பெரியாறு பாறைகளில் முட்டி மோதி இறங்கும் இடம். தலைமை விருந்தினர் முன்னால் ஒரு படகு கவிழ்ந்தாலும் பெண்கள் குழுவைக் கலைத்து, படகுகளை வாலிபர் கிளப்புக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். சகீலாவே மூன்று காப்பி அடித்திருந்தாள்.

ஆற்றங்கரையில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு கயாக்கிலும் இருக்கைக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டை. நாலு படகும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன.

“காலி வள்ளம் ஆடும், கேட்டியா. பாரம் ஏத்தினா அனங்காது, அசையவே அசையாது” என்றார் வெங்கிடேஸ்வரன்.

“இது சரக்கு வள்ளம் இல்ல சார். பாறை வந்தா சட்டுனு திரும்பணும். கனம் இருந்தா திரும்பாது” என்றாள் சகீலா.

“நேத்திக்குப் பொறந்த குட்டி நீ. வள்ளத்தப் பத்தி எனக்குச் சொல்றியா?”

அப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். சம்பளத்துக்கு வந்த ஆள் கமிட்டிக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று பொருளாளர் அடக்கிவிட்டார்.

முதலில் பள்ளிக்கூட டீச்சர் பாக்கியலக்ஷ்மி இறங்கினாள். படகு திரும்ப மறுத்து, எதிர்ப்பட்ட முதல் பாறையிலேயே போய் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன்பின் அனங்கவில்லை. அந்த மட்டில் தலைவர் சொன்னது சரிதான். கவிழவில்லையே என்று கமிட்டி கைதட்டியது. அப்பு கயிறு போட்டு அவளை இழுத்து வந்தான்.

அடுத்தது சகீலா. இவளும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டால் போதும், குழு பிழைத்துவிடும். வருஷா வருஷம் இப்படியே வந்து பாறையில் உட்காரலாம். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையை இழுத்துத் தலைவரின் காலடியில் போட்டுவிட்டுப் படகைத் தண்ணீரில் தள்ளினாள்.

முதல் பாறையைச் சுற்றி வளைந்தாள். இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவது இடத்தில் அலை பக்கவாட்டில் அறைந்து அவளைக் கவிழ்த்தது. உறையை உருவி வெளியே வந்து, படகைக் கரைக்கு இழுத்துத் தண்ணீரைக் கொட்டினாள். முழங்கையில் ரத்தம். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டி அங்கேயே மரத்தடியில் அவசரக் கூட்டம் கூடியது. நாற்காலிகளை நிழலுக்குத் திருப்பிப் போட்டதில் எல்லாருக்கும் ஆற்றுக்கு முதுகு. தலைமை விருந்தினருக்கு இளநீர் வெட்டினார்கள்.

“இன்னொரு தடவ போவோமா டீச்சர்?” என்றாள் சகீலா.

பாக்கியலக்ஷ்மி தன் மூட்டையை உருட்டி எறிந்தாள். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். நாலு பேரும் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார்கள்.

இந்தத் தடவை மூன்றாவது இடத்தில் சகீலா அலைக்குள் சாய்ந்து கொடுத்தாள். படகு நிமிர்ந்து நின்றது. மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, கமிட்டி திரும்பிப் பார்த்தது. பதினொரு கைகள் மேலே உயர்ந்திருந்தன.

“பாத்தியா, நமக்குக் கை காட்டறாங்க” என்று பாக்கியலக்ஷ்மி சந்தோஷமாகத் துடுப்பை ஆட்டினாள்.

அது என்ன ஓட்டு என்று சகீலாவுக்குத் தெரியும். கரை ஏறினால் படகு வாலிபர் கிளப்புக்குப் போய்விடும். அவள் கரைப் பக்கம் திரும்பவே இல்லை. நாலு கயாக்கும் கமிட்டியைக் கடந்து ஆலுவாப் பக்கம் போயின.

“யாராவது போய் நிறுத்துங்கோ” என்று வெங்கிடேஸ்வரன் கத்துவது தண்ணீர் இரைச்சலில் அரைகுறையாகக் கேட்டது. பதினொரு பேரில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.