கல்லுமேல வந்த சாட்சி

என் வீட்டுக்காரர் ஹேமநாதனுக்கு மீன் பைத்தியம். மலேசியாவுல சிகாமட் பக்கத்துல அவரு பொறந்த கம்பத்து, அதான் கிராமத்து ஆத்துல, பெருகட்டும்னு மூணு வருஷமா கெலா மீன் வாங்கி விடுறாரு. அவரு மீன் விடுற ஆத்து வளைவுல யாரும் தூண்டில் போடக்கூடாதுன்னு கம்பமே ஒத்துக்கிச்சு. ஆனா மீன் முட்டை போட்டதை இதுவரைக்கும் ஒருத்தரும் பார்க்கல. "நாளைக்குக் கூட்டம். ஆதாரம் இல்லன்னா தூண்டிலுக்குத் தொறந்து விட்டுருவோம்லா"ன்னு கம்பத்துத் தலைவர் காளியப்பன் சொல்லிட்டாரு. அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சோறே தொடல.

பாவமா இருந்துச்சு. பாசிர் கூடாங் ஃபேக்டரியில லீவு போட்டுட்டு, ராத்திரியே கம்பத்துக்கு வந்து, விடிஞ்சதும் அவரோட கரையில போய் உக்காந்தேன். மழைக்கு ஆறு தேத்தண்ணி நிறத்துல ஓடுது. "இதுல முட்டையை எங்கன்னு தேடுறது?"ன்னு பொரிஞ்சு தள்ளினேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அப்ப ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி, கத்தரிக்கோலாட்டம் பிளந்த வாலை ஆட்டிக்கிட்டு, ஓரத்துக் கல்லுமேல தத்தித் தத்தி வந்துச்சு. தண்ணியில அலகை விட்டு எதையோ கொத்திச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அடப்பாவி, முட்டையைத் திங்கவா வந்த?"ன்னு ஒரு கல்லை வீசினேன். பறந்துடுச்சு.

ஹேமநாதன் தலையில கை வச்சிட்டாரு. "சந்திரமதி, கல்லுக்கு அடியில இருக்குற முட்டையை அது எடுக்காது. வெளிய உருண்டு வர்றதைத்தான் பொறுக்கும். அது வாயில கேசரி நிறத்துல கெலா முட்டை இருந்தா, அதான் நமக்கு ஆதாரம்."

அலமாக்! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கைப்பேசியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் வாயே தொறக்கல. தாலி கட்டுறப்பகூட நான் அவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்ல. கொசு கன்னத்துல உக்காந்து நிதானமா குடிச்சிச்சு. அடிக்கல.

குருவி வந்துச்சு. குனிஞ்சுச்சு, நிமிந்துச்சு. அலகு நுனியில கேசரி நிறத்துல ஒரு சின்ன உருண்டை! சடசடன்னு நாலு படம் எடுத்து அவருகிட்ட நீட்டினேன்.

வீட்டுல எது கேட்டாலும் 'ம்'னு மட்டும் சொல்ற மனுஷன், கரையில எம்பி எம்பிக் குதிச்சாரு. "போட்டுருச்சு! முட்டை போட்டுருச்சு!"ன்னு அழுதுக்கிட்டே சிரிச்சாரு. எனக்கும் கண்ணு நெறைஞ்சு போச்சு. குருவி மிரண்டு தூரத்துக் கல்லுக்குத் தாவி, அங்கேருந்து எங்களையே பார்த்துச்சு.

அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.

"வாயை மூடுங்க. அது சாப்பிடட்டும்."